வைக்கோலுக்கு அழுதது

மேடையில் யாராவது கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடினால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பேன். முகம் எதை வேண்டுமானாலும் சொல்லும். பழகிவிட்டால் கண்ணீரைக்கூட வரவழைத்துக்கொள்ளலாம். கை அப்படியில்லை. தொடையில் தாளம் போடும் விரல் ஒரு நொடி நிற்கும், பக்கத்தில் வாசிக்கிறவரை 'மெதுவா, மெதுவா' என்று அடக்கும், மறுபடி தாளத்துக்குத் திரும்பும். அந்த ஒரு நொடி பாடுகிறவர் துக்கத்துக்குள் இல்லை. எழுந்து வெளியே வந்து, வாசல் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, மறுபடி உள்ளே போய் உட்காருகிறார். அதில் தப்பொன்றும் இல்லை, பாட்டென்றால் அப்படித்தான். அழுகையும் பாட்டும் ஒரே ஊற்றில் சுரப்பவை என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே தொண்டைக்காகச் சண்டை போடுகிறவை. அழுகை வந்தால் தொண்டை இறுகும், இறுகினால் சுருதி போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், என் கை ஒரு காலை நேரத்தில் அசைந்த அசைவை நினைத்தால் இந்த வயதிலும் அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்கிறேன்.

எண்பதுகளில், செஞ்சியில் எங்கள் காலனிக்கும் பக்கத்து ஊர்களுக்கும் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எது வந்தாலும் மைக்செட் கட்டுகிறவர் பஜாரில் கடை வைத்திருந்த ஒரு பாய்தான். இரும்புப் பெட்டி, தென்னை மரத்தில் கட்டும் இரண்டு குழாய், சாமந்திப்பூ படம் போட்ட ஒரு தகர டிரங்கு நிறைய ரெக்கார்டு. பள்ளிக்கூடத்தில் நான் பிரேயர் பாடுவதைக் கேட்டவர், ஒரு கல்யாணத்தில் ரெக்கார்டு கீறல் விழுந்து ஒரே அடியைத் திருப்பித் திருப்பிச் சொன்னபோது, "பாப்பா, நீ வாயேன், ஒரு பாட்டு எடுத்து வுடு" என்று மைக்கைக் கொடுத்தார். அதிலிருந்து பழக்கமாகிவிட்டது. மைக்கை மோவாய்க்குக் கீழே பிடிக்க வேண்டும், மூச்சு வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், சத்தம் கீச்சென்று வந்தால் விரலைத் திருகிக் காட்ட வேண்டும், அவர் பெட்டியில் திருகைத் திருப்புவார். நானும் அவரும் பேசிக்கொண்டதைவிட இப்படி ஜாடையில் பேசிக்கொண்டதே அதிகம்.

பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பாட்டுப் பாடுவேன். பாடினால் பெண்ணின் அம்மா அழாமல் இருந்ததே இல்லை. அவர்கள் அழும்போது எனக்குள்ளே என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த அடிக்கு மூச்சு போதுமா என்று பார்ப்பேன். போதுமென்றால் கடைசி எழுத்தை இன்னும் கொஞ்சம் இழுப்பேன். இழுத்தால் இன்னும் இரண்டு பேர் மூக்கைச் சிந்துவார்கள். இது ஏதோ எனக்கு மட்டும் கிடைத்த வரம் என்று நினைத்திருந்தேன். கொதிக்கும் எண்ணெயில் கைவிட்டு வடையை எடுக்கிறவன் போல, சுடாமல் துக்கத்துக்குள் கை விட்டு எடுக்கத் தெரிந்தவள் நான்.

என் நைனா கமிட்டியில் மூட்டை தூக்கினார். அரசாங்க விற்பனைக்கூடத்தை நாங்கள் கமிட்டி என்றுதான் சொல்வோம். நெல் மூட்டை, மல்லாட்டை மூட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். நான் பாடுகிற கல்யாணத்துக்கு வந்தால் பந்தலுக்குள் நுழைய மாட்டார். வெளியே பீடி பிடித்துக்கொண்டு நின்று கேட்பார். வீட்டுக்கு வந்ததும், "மைக்க கடிச்சிடாதடி, பாய்க்கு நஷ்டம்" என்பார். அதற்கு மேல் பாராட்டத் தெரியாது.

ஒரு நாள் மதியம் கமிட்டியில் மூட்டையை இறக்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் தூக்கிய மூட்டைகள் போகிற அதே வண்டியில் அவரைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் மைக்செட் கட்டுவோம். வெளியாட்களுக்கு இது விநோதமாக இருக்கும். கல்யாணத்துக்குக் கட்டுகிற அதே குழாய், அதே பெட்டி. ஒப்பாரி நாலு தெருவுக்குக் கேட்டால்தான் செத்தவருக்கு மரியாதை. வயல்வெளியில் நிற்கிற சொந்தக்காரனுக்கும் சேதி அதுதான். அதில் ஒரு முறை உண்டு. முதலில் பெண்டாட்டி எடுக்க வேண்டும். அவள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகுதான் தங்கச்சி, மகள், மருமகள். சாகிறதற்கு முன்னால் புருஷனிடம் சொல்லாமல் விட்டதை அவள் சொல்லிக்கொள்ள ஊர் ஒதுக்கித் தருகிற இடம் அது. பிணம் எடுத்துவிட்டால் போச்சு. காரியம் முடிந்த வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது, இன்னொன்றைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும் என்பார்கள்.

மறுநாள் காலையில் தொண்டூரிலிருந்து அம்மாவின் பிறந்த வீட்டார் பஸ்ஸில் வந்து சேர்ந்ததும் பாய் மைக்கைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். அவள் அதுவரை மைக்கைத் தொட்டதில்லை. கரண்டியைப் பிடிப்பது போலக் கீழே பிடித்தாள். "எஞ்சாமி" என்று ஒரு குரல் எடுத்தாள். அவ்வளவுதான், குழாய் கீயென்று அலறியது. பயந்து மைக்கைத் தள்ளிப் பிடித்தாள். அப்போது அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. கிட்டே கொண்டுபோனாள், மறுபடியும் அலறல். குழந்தைகள் சிரித்தன.

நைனாவின் தங்கச்சி, என் அத்தை, பக்கத்தில் மார்பில் அடித்துக்கொண்டிருந்தவள், "அத அவகிட்ட குடு அண்ணி, அவ எடுத்துக் குடுப்பா" என்றாள்.

அம்மா கொடுத்தாளா, நான் வாங்கிக்கொண்டேனா? பல முறை யோசித்திருக்கிறேன். என் கை நீண்டது, மைக் என் கைக்கு வந்தது. அவள் விரல்கள் அதை விடுவதற்கு ஒரு நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டன என்பது மட்டும் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

பாடினேன். நன்றாகப் பாடினேன். அதைச் சொல்லவே நாக்குக் கூசுகிறது.

முத்துச் சரம் கட்டி
முன்னூறு வெளக்கேத்தி
பட்டத்து யானையில
பவனி வரும் எங்க நைனா

யானையாம், பவனியாம். பத்து சாவில் கேட்டதையெல்லாம் கோத்துக் கட்டினேன். கீழே என் நைனா கட்டைவிரல் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டிய கால்களோடு படுத்திருந்தார். நான் அவரைப் பார்த்துத்தான் பாடினேன். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது என் குரலை. தென்னை மரத்துக் குழாயிலிருந்து புறப்பட்டு செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைப் பாறையில் பட்டு லேசாகத் திரும்பி வந்த என் குரலை. இரண்டாவது அடி நன்றாக விழுந்தது. அதனால் அதை மறுபடி ஒருமுறை பாடினேன். மேல் ஸ்தாயியில் லேசாகக் கீச்சென்றது. உடனே தலையைத் திருப்பி, பந்தல் காலில் சாய்ந்து நின்ற பாயைப் பார்த்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திருகிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியில் திருப்பினார். சத்தம் இழைந்து வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆம், என் நைனாவின் பிணத்துக்கு முன்னால் எனக்குத் திருப்தியாக இருந்தது.

கூட்டம் கதறியது. கமிட்டி ஆட்கள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். மைக்கில் ஒருத்தி பாடும்போது மற்றவர்களின் ஒப்பாரி எடுபடாது. எல்லாரும் அவள் பின்னால்தான் போக வேண்டும். அம்மாவின் உதடுகள் கொஞ்ச நேரம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. பிறகு நின்றன. அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிணத்தைத் தூக்கினார்கள்.

"உங்க நைனா குடுத்து வச்சவரு, இந்த மாதிரி ஒப்பாரி எந்த மகராசனுக்குக் கெடைக்கும்" என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா திட்டியிருந்தால் பரவாயில்லை. காரியம் முடிந்தது. மல்லாட்டை உடைக்கப் போனாள், வந்தாள். அடுப்பு ஊதும்போது, முறத்தில் புடைக்கும்போது, வாய்க்குள் ஒரு ராகம் கிளம்பும். "எஞ்சாமி" என்பது வரைக்கும் வரும், உடனே உதட்டைக் கடித்து நிறுத்திக்கொள்வாள், வீட்டில் அழக் கூடாதே. சில மாதத்தில் நெஞ்சைத் தடவிக்கொள்ள ஆரம்பித்தாள்.

"இன்னா பண்ணுதும்மா?"

"இன்னாவோ அடச்சிக்கினு இருக்குது. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல."

பெரியாஸ்பத்திரியில் சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். அவள் நெஞ்சில் அடைத்திருந்தது எது, அதை அங்கே வைத்து மூடியது யார் என்று எனக்குத் தெரியும். அவளும் நானும் ஒரே பாயில் படுத்திருப்போம். அவள் தூங்கவில்லை என்று தெரியும், நான் தூங்கவில்லை என்று அவளுக்கும் தெரியும். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடி கல்யாணங்களில் பாடிக்கொண்டிருந்தேன். பாடும்போதெல்லாம் என் கையைக் கவனித்தேன்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. முந்தின வருஷமும் ஒழுங்காகப் பெய்யவில்லை. சக்கரக்குளத்தில் தரை பாளம் பாளமாக வெடித்தது. சிங்கவரத்துப் பக்கம் மல்லாட்டைச் செடி விரல் உயரத்திலேயே காய்ந்து, பிடுங்கினால் வெறும் வேர் வந்தது. கமிட்டியில் மூட்டை வரத்து நின்று, ஆட்கள் தராசுக் கொக்கியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் எங்கள் தெருவுக்கு ஆள் அனுப்பினார்கள், கொடும்பாவி கட்டி இழுக்க வேண்டும் என்று.

மழை பெய்யாததற்குக் காரணம் ஊரில் யாரோ செய்த பாவம். அந்தப் பாவி யாரென்று தெரியாது. அதனால் வைக்கோலால் ஒரு பாவி செய்து, காலில் கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்து, செத்தவருக்கு அழுவது போலவே மாரடித்து ஒப்பாரி வைத்து, ஆற்று மணலில் கொளுத்த வேண்டும். அந்த அழுகையைப் பார்த்து வானம் மனமிரங்கும். மேளம் எங்கள் தெரு ஆட்கள் அடிக்க வேண்டும், அழுகை எங்கள் தெருப் பெண்கள் அழ வேண்டும். மழை மட்டும் எல்லாருக்கும் பொது.

பாவி ஆணா பெண்ணா என்று யாரும் முன்கூட்டி முடிவு செய்வதில்லை. அந்த முறை பழைய வேட்டி கிடைத்ததால் ஆணாகப் போனது. சட்டித் தலைக்குச் சுண்ணாம்புக் கண், கரி மீசை, வைக்கோல் திணித்த பெரிய வயிறு.

"எங்க ஊட்டுக்காரன அப்படியே உரிச்சி வச்சிருக்கீங்க. எத்தன நாளா பாத்தீங்க அந்தத் தொப்பைய?" என்றாள் அத்தை. செய்தவர்கள் சிரித்தார்கள்.

ஒப்பாரிக்கு யார் எடுத்துக் கொடுப்பது என்று வந்தபோது எல்லாரும் என்னைத்தான் காட்டினார்கள். "அப்பன் சாவுல பாடுனாளே, அந்தப் பொண்ணு." சரி என்றேன். நைனாவுக்குப் பாடியதே வெறும் பாட்டுதான், வைக்கோலுக்குப் பாடுவதில் என்ன இருக்கிறது என்று எனக்குள் ஒரு குரூரம் சொன்னது.

எந்த நல்ல காரியத்திலும் தாலியறுத்தவர்களை ஓரமாக நிறுத்துகிற ஊர், இதற்கு மட்டும் அவர்களை முன்னால் வரச் சொல்லும். அம்மா வரவில்லை என்றாள். அத்தையும் தாலியறுத்தவள்தான், அவள் விடவில்லை. "வா அண்ணி, ஒரு கல்யாணத்துக்கா கூப்புடறாங்க நம்மள? இதாவது நம்ம ஊட்டு விசேஷம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் புறப்பட்டோம். மைக் கிடையாது, நடந்துகொண்டே பாட வேண்டும். பாவியைப் பனை ஓலையில் கிடத்திக் காலில் கயிறு கட்டி இழுத்தார்கள். பிள்ளைகள் விளக்குமாற்றால் சாத்தினார்கள். நாங்கள் தலையை அவிழ்த்துவிட்டுப் பின்னால் போனோம். வீட்டுக்கு வீடு முறத்தில் கம்பும் அரிசியும் கொண்டுவந்து போட்டார்கள். பஜாரில் பாய் கடையிலிருந்து வெளியே வந்து நின்று பார்த்தார். நான் பாடினேன்.

ஏரி வறண்டுருச்சே
ஏத்தம் எறங்கலியே
பாவி பொறந்ததால
பச்சையெல்லாம் கருகிருச்சே

பெண்கள் வாங்கிப் பாடினார்கள். மார்பில் விழும் அடிகள் ஒன்றாக விழும்படி பாட்டின் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டினேன். எல்லாம் என் பிடியில் இருந்தது. நான் வழக்கம்போல வெளியே நின்றிருந்தேன்.

சங்கராபரணி ஆற்றுக்கு இறங்கும் சரிவில் ஓலை பிய்ந்துவிட்டது. பாவி மணலில் புதைந்து நகர மறுத்தான். கயிற்றை இழுத்தால் கால் மட்டும் கழன்று வரும் போல இருந்தது. கமிட்டியில் நைனாவோடு மூட்டை தூக்கியவர் ஒருவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு கையைப் பாவியின் அக்குளுக்குக் கீழே, ஒரு கையை முழங்காலுக்குக் கீழே விட்டு, ஒரு உலுக்கில் தோளில் ஏற்றினார். ஏற்றியதும், கனம் தோளில் உட்காருவதற்காக அவர்கள் செய்வது போல, உள்ளங்கையால் அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தத் தட்டைப் பார்த்ததும் என் தொண்டை மூடிக்கொண்டது.

அவருக்கு அது வெறும் பழக்கம். நைனாவும் ஒவ்வொரு மூட்டையையும் அப்படித்தான் தட்டுவார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என்னைத் தோளில் தூக்கினாலும் அப்படித்தான் தட்டுவார். அந்தத் தட்டு என் முதுகில் விழுந்தது. அடுத்த அடியை எடுக்க வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். நாய் ஊளையிடுவது போல ஏதோ ஒரு சத்தம் வந்தது, சுருதியில்லாமல், வெட்கமில்லாமல். மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாட்டின் உள்ளே இருந்தேன். அங்கே பாட்டே இல்லை.

மேளம் தடுமாறியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒப்பாரி பாதியில் நிற்கக் கூடாது. நின்றால் இழுத்தது வீண். "எடுடி, யாராவது எடுங்கடி" என்று அத்தை கத்தினாள்.

எங்கோ பின்னாலிருந்து ஒரு குரல் எடுத்தது. உடைந்த குரல். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டது போல, பாதி சொல் வழியிலேயே ஒழுகிவிடும் குரல்.

எஞ்சாமி
காத்தால கஞ்சியில
கல்லு கெடந்ததுன்னு
தட்டத் தள்ளிப் போனீரே
போய்த் தொலைன்னு சொன்னேனே

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. தூக்கியவர் அதற்குள் மணலில் இறக்கி மல்லாத்தியிருந்த வைக்கோல் மனிதனின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

போன்னு சொன்னதுக்கா
போயிட்டீரு எஞ்சாமி
சொன்ன வாயி எரியுதய்யா
சோறெறங்க மாட்டேங்குதே

அன்றைக்குக் காலையில் அவர்களுக்குள் சண்டை நடந்தது எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஊர் அவளுக்குக் கொடுத்திருந்தது ஒரே ஒரு இடம், அதில் நான் யானையையும் பவனியையும் கொண்டுவந்து நிறுத்தினேன். இப்போது அவள் சொன்னாள். கல் பொறுக்கக் கண் தெரியாததைச் சொன்னாள். முந்தின ராத்திரியே முறைத்துக்கொண்டு படுத்ததைச் சொன்னாள். மதியம் அவருக்குப் பிடிக்குமென்று கருவாட்டுக் குழம்பு வைத்து மூடி வைத்ததையும், அது அப்படியே கெட்டுப்போனதையும் சொன்னாள். ராகம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடிகள் கோணலாக விழுந்தன. பெண்கள் அதற்கெல்லாம் மாரடித்தார்கள், அவரவர் இஷ்டத்துக்கு. நானும் அடித்தேன். வாங்கிப் பாடுகிறவர்களோடு சேர்ந்து கடைசிச் சொல்லை மட்டும் சொன்னேன்.

என் அம்மா தன் புருஷனிடம் மன்னிப்புக் கேட்டது விளக்குமாற்றால் அடிபட்ட ஒரு பாவியின் பொம்மையிடம். கரி மீசை வைத்த சட்டியிடம். அதற்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது நான்.

கொளுத்தினார்கள். வைக்கோல் வேகமாக எரியும். திரும்பி நடந்தோம். அத்தை முன்னால் போனாள், நாங்கள் இருவரும் பின்னால். கொஞ்ச தூரம் வந்த பிறகு அம்மா கேட்டாள்.

"அன்னிக்கு பாடறப்போ அந்த பாய்க்கு கைய திருகித் திருகிக் காட்டுனியே, அது இன்னா?"

"சத்தம் கீச்சுன்னு வந்துதும்மா. கொறைக்கச் சொன்னேன்."

"ஓ." இரண்டு எட்டு நடந்தாள். "எதுவோ வேண்டுதல்னு நெனச்சேன். உன் கையவே பாத்துக்கினு இருந்துட்டேன். அழணும்னே தோணல."

"அம்மா, அன்னிக்கு நான் நைனாவ நெனச்சுப் பாடலம்மா."

"தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. உலையில் அரிசி போட்டாயிற்றா என்பதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை, அன்றும் பிறகும். அவள் நெஞ்சைத் தடவிக்கொள்வது அன்றோடு நின்றுவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நிற்கவில்லை, குறைந்தது. அன்று ராத்திரி என் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கினாள். நான் விழித்திருந்து அதைக் கேட்டேன்.

மழை வரவில்லை. மேகம் வந்து மலைக்கு மேல் நின்றுவிட்டுக் கிழக்கே போய்விட்டது. பெய்யாத மழைக்கு யாராவது ஒருவர் காரணமாக வேண்டுமே. அடிபம்பில் குடம் வைத்து வரிசையில் நின்றபோது எதிர்வீட்டு அக்கா ஆரம்பித்தாள். அவள் ஊர்ப் பக்கம் கழனி வேலைக்குப் போகிறவள்.

"ஊர்ல பேசிக்கறாங்க. பாவிக்கு அழுன்னு அனுப்புனா புருசனுக்கு அழுதுட்டு வந்துட்டாளாம். அதான் மழ பெய்யாம மானம் மூடிக்கிச்சாம்."

"மானம் எப்பம்மா தெறந்துது, மூடறதுக்கு?" என்றாள் அத்தை.

"நான் சொல்லல அத்தாச்சி, அவங்க சொல்றாங்க. ஊர் மழைய ஒருத்தியே முழுங்கிட்டாளாம்."

நான் பம்பு அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா குடத்தின் வாயில் துணி கட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"தப்பு எங்கம்மாது இல்லக்கா. நான்தான் பாட்ட பாதியில வுட்டேன். அவங்க..."

"நீ இரு," என்றாள் அம்மா.

"இல்லம்மா, நான் சொல்லிடறேன்."

"என்னத்தான கேக்கறாங்க. எனக்கு வாய் இருக்குது."

அவள் நிமிர்ந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். துருப்பிடித்த பம்பு கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவள் குரல் கேட்கட்டும் என்று நான் கைப்பிடியை விட்டேன்.

"நீ இன்னாத்துக்கு நிறுத்துன? அடி. நான் பேசினா கொடம் தன்னால ரொம்பிடுமா?"

அடித்தேன். அந்தக் கிரீச்சுக்கு மேலே குரலை ஏற்றிக்கொண்டு, எதிர்வீட்டு அக்காவின் முகத்துக்கு நேராக அம்மா பேச ஆரம்பித்தாள். "ஆமாம், எங்க ஊட்டுக்காரருக்குத்தான் அழுதேன். போய்ச் சொல்லு."